சுக்கானுக்குக் கீழே ஒரு பலகை

கப்பல் வந்துவிட்டது.

ஏதென்ஸின் ஃபலேரான் கரையே எழுந்து நின்றது. மீன் விற்கும் மிக்கா கூடையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள்.

பின்னே, சும்மாவா? காளைத்தலை அரக்கனைக் கொன்றுவிட்டு எங்கள் பழைய ராஜா தீசியஸ் திரும்பி வந்தாரே, அதே கப்பல். மட்கிய பலகைகளை மாற்றி மாற்றி, இத்தனை தலைமுறையாக டெலோஸ் தீவுக்குப் போய் அப்பொல்லோவைக் கும்பிட்டு வருகிறது. இந்த முறையும் பாடுவதற்குப் பதினான்கு பிள்ளைகள் போயிருந்தார்கள்.

புறப்பாட்டுக்கு மாலை போட்டதிலிருந்து அது திரும்பும்வரை ஏதென்ஸில் யாரையும் கொல்லக்கூடாது. அதனால்தான் முப்பது நாளாக என் வீட்டுக்காரர் சிறையில் உயிரோடு இருக்கிறார்.

ஹெகியாஸ் இந்தக் கப்பலின் தச்சர். அதீனா தேவியின் புனித ஒலிவ மரத்தை வெட்டினார் என்று பிடித்துப் போனார்கள். இந்தக் கப்பலுக்கு மர ஆணி செதுக்கத்தான் வெட்டினார், படுபாவி மனுஷர். கப்பலுக்கு மாலை போட்ட அன்றே மரண தண்டனை விதித்தார்கள்.

அன்று சாயங்காலம் போய்ப் பார்த்தேன். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“சுக்கானுக்குக் கீழ இருக்கிற பலகை இத்துப்போச்சு. விடியறதுக்குள்ள மாத்தச் சொல்லு. பிள்ளைங்க ஏறுற கப்பல்.”

மறுநாள் கப்பல் கிளம்பியது. அன்றிலிருந்து தினமும் கரைக்கு வந்து எதிர்க்காற்று வேண்டினேன். ஐந்து நாளைக்கு முன் புயலே வந்தது. கப்பல் மூழ்கிப் போயிருக்கும் என்று ஊரே அழுதது.

இதோ, வந்து நிற்கிறது.

பிள்ளைகள் பாடிக்கொண்டே இறங்கினார்கள். எண்ணினேன். பதினான்கு. இன்னொரு தடவை எண்ணினேன்.

பின்பக்கம் மணலில் ஏறியிருந்தது. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய், சுக்கானுக்குக் கீழே கை வைத்தேன். தண்ணீர் புகாமல் மேலே பூசிய கீல் பெயர்ந்தது. விரல் உள்ளே போனது, ஈர ரொட்டிக்குள் போவதுபோல.

இதை வைத்துக்கொண்டா அந்தப் புயலைத் தாண்டி வந்தாய், சாமி?

அன்று அவர் மாற்றச் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வழியில் ஒழுகும், ஏதாவது தீவில் மாதக்கணக்கில் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டேன். பிள்ளைகளை நினைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். நினைத்தேன்.

அவரிடம், மாற்றிவிட்டார்கள் என்று சொல்லியிருந்தேன்.

நாளைக்கு விஷக் கிண்ணத்தைக் கையில் வாங்கும்போதும் அவர் பலகையைப் பற்றித்தான் கேட்பார். நன்றாகத் தாங்கியது என்று சொல்வேன். அது பொய் இல்லை.