நாற்பது வினாடி

“இந்த நாப்பது செகண்டை ஜானகி அக்கா பாக்கவே கூடாதுங்க. பாத்தாங்கன்னா நெத்தியில இருக்கற பொட்டு அன்னிக்கோட போச்சு” என்றாள் அறிவரசனின் மனைவி ஜெயசுதா.

அறிவரசன் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் ஒரு பனைமரம். அதன் அடியில் ஒரு மனிதர் மல்லாந்து கிடந்தார். சட்டையில் இருந்த ரத்தத்தைக் கவனிக்காவிட்டால் தூங்குகிறார் என்றே சொல்லிவிடலாம், முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. விரிந்து கிடந்த இடது கையில் ஆறு விரல்கள்.

அறிவரசன் பெரம்பலூரில் கல்யாண வீடியோக்காரன். ஜெயங்கொண்டம் வரைக்கும் அவனுக்குக் கிராக்கி. வேண்டாததை வெட்டுவதில் அவ்வளவு கெட்டிக்காரன். சம்பந்தி சண்டை, மாப்பிள்ளையின் கொட்டாவி, தூணுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைக்கும் பெரியம்மா, எதுவும் அவன் கொடுக்கும் பென் டிரைவில் இருக்காது. அமங்கலம் என்று எது கண்ணில் பட்டாலும் கத்தரிதான்.

அப்படிப்பட்டவன் டவுனை ஒட்டிய இலங்கைத் தமிழர் முகாமில் ஒரு கல்யாணம் எடுக்கப் போய், அங்கே கேட்ட கதைகளை உதற முடியாமல் மாட்டிக்கொண்டான். முகூர்த்தம் இல்லாத நாட்களில் எல்லாம் கேமராவோடு முகாமுக்குப் போய்விடுவான். முள்ளிவாய்க்காலில் தப்பிப் பிழைத்தவர்களைப் பற்றிய ஆவணப்படம் இரண்டு வருடமாக வளர்ந்துகொண்டிருந்தது.

முகாமில் ஜானகி மட்டும் கேமரா முன்னால் உட்காரச் சம்மதிக்கவில்லை.

“பழைய போட்டோ, வீடியோ எது கிடைச்சாலும் என்ர மனுசன் அதில தெரியிறாரோ எண்டு பாருங்கோ தம்பி. இடது கையில ஆறு விரல். கண்டா எனக்குச் சொல்லுங்கோ” என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

அதற்கு மேல் அவளைக் கிளற அறிவரசனுக்கு மனம் வரவில்லை. வாரம் தவறாமல் ஸ்டூடியோ வாசலில் வந்து நிற்பாள். பெரிய குங்குமப் பொட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறு. இல்லை என்று அவன் தலையாட்டியதும் சத்தமில்லாமல் திரும்பிப் போய்விடுவாள். காணாமல் போனவனுக்காகப் பதினாறு வருடமாக ஒருத்தி காத்திருக்கிறாளே என்று நினைத்துக்கொள்வான்.

இந்த வீடியோ வந்தது முகாமில் இருந்த நல்லதம்பி என்ற பெரியவரிடமிருந்து. கனடாவில் இருக்கும் மகனிடம் போகுமுன் பழைய மெமரி கார்டு ஒன்றை அவன் கையில் திணித்தார். “கடைசி நாள் எடுத்தது. இதை விட்டா வேற எங்கயும் இல்லை. நான் திரும்பப் பாக்கேல்லை, பாக்கவும் ஏலாது. நீங்க என்னவும் செய்யுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“சொல்லாம மறைக்கறது துரோகமில்லையா ஜெயா?” என்றான் அறிவரசன்.

“நம்பிக்கையிலதாங்க அந்தக்கா எந்திரிச்சு நடமாடுது. பத்தாவது படிக்கற பொண்ணு வேற இருக்கு. எழவுச் சேதியை நீங்கதான் கொண்டுபோய்க் கொடுக்கணுமா?”

“சரி, படத்துல சேக்காம விட்டுடறேன்.”

“கார்டு இருந்தா என்னிக்காவது எவனாவது எடுத்து நெட்டுல போடுவான். கடைசியில அவங்க செல்லுலயே வந்து நிக்கும்.”

அது நியாயமாகத்தான் பட்டது. கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தான். கார்டைப் பாக்குவெட்டியில் வைத்து நாலு துண்டாக நறுக்கிக் குப்பையில் போட்டான். ஒரு கல்யாணத்தில் அழுகையை வெட்டி எடுத்தால் வருமே, அதே நிம்மதி வந்தது.

மே மாதம், பெரம்பலூரில் ஒரு மண்டபத்தில் படம் போட்டார்கள். ஜானகி மகள் பூங்குழலியோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவள் அழவில்லை. திரையில் வரும் ஒவ்வொரு முகத்தையும் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகாம்காரர்கள் எல்லோரும் வந்து அறிவரசனின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கூட்டம் கலைந்த பிறகுதான் ஜானகி வந்தாள்.

“இவ்வளவுதானோ தம்பி? கடைசி நாள் வீடியோ ஒண்டு உங்களிட்டக் குடுத்ததெண்டு நல்லதம்பி அண்ணை நேற்று போன்ல சொன்னவர்.”

“அதுல ஒண்ணும் தெளிவா இல்லக்கா. அதான் சேக்கல.” அவன் வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னான். “அண்ணன் எங்கயாச்சும் நல்லபடியா இருப்பாருக்கா. நம்பிக்கையை விட்டுடாதீங்க.”

ஜானகி புரியாமல் அவனைப் பார்த்தாள்.

“அவர் இல்லை தம்பி. குழி தோண்ட நேரமில்லாமல், அந்தப் பனையடியில நான்தான் ரெண்டு கையாலயும் மண்ணைத் தள்ளி மூடிப்போட்டு வந்தனான். எனக்குத் தெரியாதோ?”

அறிவரசன் அவள் நெற்றியைப் பார்த்தான். “அப்ப, இந்தப் பொட்டு...”

“அழிக்காதே எண்டு அவர்தான் சொன்னவர்.”

“பின்ன இத்தனை வருசமா எதைக்கா தேடுனீங்க?”

ஜானகி வாசலில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். “பிள்ளை அப்ப வயித்தில. அவற்ற போட்டோ ஒண்டுகூட மிஞ்சேல்லை. ‘நான் அப்பா சாயலோ’ எண்டு கேக்கிறாள், எனக்கே முகம் மறந்துகொண்டு போகுது தம்பி. செத்த முகமெண்டாலும் பரவாயில்லை, இதுதான் உன்ர அப்பா எண்டு அவளுக்கு ஒருக்காக் காட்டோணும்.”