மாமரத்துக் குழாய்

எங்கள் தெருவில் எல்லா வீட்டு மாமரத்திலும் குழாய் உண்டு. திறந்தால், மரம் சேர்த்து வைத்த சர்க்கரை பாகாய் வழியும். மார்கழியில் மட்டும் தொடக்கூடாது. தையில் பூப்பதற்காக மரம் சேமிக்கும் மாதம் அது. அப்போது அடிமரத்து மீட்டர் காட்டும் இருப்பில் கிருஷ்ணகிரி முழுக்கக் கல்யாண லட்டு பிடிக்கலாம்.

இந்த மார்கழியில் எங்கள் மீட்டர் இறங்கிக்கொண்டே போனது. என் மனைவி பூங்கோதைக்குக் கவலை. பிரசவத்துக்கு வரும் மகள் இந்த மரத்துப் பழம்தான் கேட்டிருந்தாள்.

"எறும்பா இருக்கும்மா," என்றார் எங்களோடு இருக்கும் அவள் அண்ணன் தர்மலிங்கம். சர்க்கரை நோயாளி. அவர் கையில் கட்டியிருந்த சர்க்கரை மீட்டர் தீபாவளி மத்தாப்பாகச் சிவந்து மின்னியது.

"அந்த எறும்புக்கு மீசை இருக்குமோ மச்சான்?" என்றேன்.

தை பிறந்தது. குழாய் இருந்த எங்கள் பக்கக் கிளைகளில் ஒரு பூகூட இல்லை. மதில் தாண்டிய கிளைகளோ பக்கத்து வீட்டு மொட்டைமாடியே தெரியாதபடி பூத்துத் தள்ளின.

வைகாசியில் பக்கத்து வீட்டு ரோஸ்மேரி அந்தக் கிளைகளில் பறித்த ஒரு கூடைப் பழம் கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் யானைக்குட்டித் தலை அளவு. பூங்கோதை மகளுக்கு ஒரு குவியல், எனக்கு ஒன்று என்று பிரித்தாள். மச்சான் மெல்லத் தட்டை நீட்டினார்.

"உங்களுக்கு எதுக்குண்ணே? உங்க பங்கைத்தான் மார்கழியிலேயே குடிச்சிட்டீங்களே!"