வலதுபக்கம் மூன்றாவது வீடு

தம்பி அந்தப் படத்தைக் காரின் பக்கக் கண்ணாடிக்கு முன்னால் தூக்கிப் பிடித்தான். கண்ணாடிக்குள் எல்லாம் சரியாகிவிட்டது.

வளைவுகள் வைத்த பாலம், அதைத் தாண்டினால் வலதுபக்கம் பாறைச் சரிவு, இடதுபக்கம் ஓட்டு வீடுகள். கண்ணெதிரே இருப்பது ஒன்றுவிடாமல் அப்படியே.

"அச்சடிச்சவன் இடம் வலமா மாத்திப் போட்டுத் தொலைச்சிருக்கான்க்கா," என்று சிரித்தான். "நாம என்னடான்னா பாறையைப் பார்த்து முழிச்சுக்கிட்டு நிக்கிறோம்."

அக்கா காரைவிட்டு இறங்கவில்லை. மடியில், துணி சுற்றிய கலயத்தில் அப்பாவின் சாம்பல் இருந்தது.

அப்பா விட்டுப்போன ஒரே சொத்து அந்தப் படம். ஏதோ ஓவியத்திலிருந்து அச்சடித்தது. அதன் மரச்சட்டத்துக்கு இருக்கிற மதிப்புகூடப் படத்துக்குக் கிடையாது.

அதுதான் என் சொந்த ஊர் என்பார். எந்த ஊர் என்று கேட்டால் பிடிகொடுக்கவே மாட்டார். பெயரைச் சொன்னால் மட்டும் போய்விடப் போகிறீர்களா என்று பேச்சை மாற்றுவார்.

வீட்டுக்கு வழி கேட்டால் மட்டும் முகம் மலர்ந்துவிடும். படத்தின் மேல் விரலை வைப்பார். பாலத்தைத் தாண்டு. வலதுபக்கம் திரும்பு. மூன்றாவது வீடு. பள்ளிக்கூடம் விட்டால் அந்தப் பாலத்தில் ஒரே ஓட்டமாம். கண்ணைக் கட்டிவிட்டாலும் வீட்டு வாசலில் போய் நிற்பேன் என்பார்.

அவரை அந்த வாசலுக்குக் கொண்டுபோய், அந்த ஆற்றில்தான் கரைக்க வேண்டும் என்று பிள்ளைகள் இருவரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். எந்த ஆறாக இருந்தால் என்ன, எல்லாம் தண்ணீர்தானே என்றாள் அம்மா. முழங்கால் வலி என்று சொல்லி வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

படத்தின் அடியில் ஓர் எழுத்துகூட இல்லை. அக்கா பழைய படங்கள் விற்கும் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினாள். கடைசியில் ஒரு கடைக்காரர்தான் பாலத்தை அடையாளம் கண்டு ஆற்றின் பெயரைச் சொன்னார்.

இன்று பாலத்தைத் தாண்டி வலதுபக்கம் திரும்பினார்கள். செங்குத்தான பாறை. அங்கே ஓர் ஆடு நிற்கக்கூட இடமில்லை.

இப்போது தம்பிக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. படத்தைப் பின்சீட்டில் போட்டுவிட்டு, இடதுபக்கத் தெருவில் மூன்றாவது வீட்டை நோக்கி நடந்தான். வீட்டுக்காரர்களிடம் விஷயத்தைச் சொல்லி, அவர்கள் வீட்டுப் படிகள் வழியாக ஆற்றில் இறங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்க வேண்டும். சொந்த வீட்டுக்குப் போகிறவனின் நடை அது.

அக்கா பின்சீட்டில் கிடந்த படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

இந்தப் பாலத்தில் தினமும் ஓடிய பையன் படத்தைப் பார்த்த உடனேயே சிரித்திருப்பானே, எங்கள் ஊரை இப்படித் திருப்பி வைத்திருக்கிறார்களே என்று.

அப்பா ஆயுசுக்கும் சொன்னது படத்தின் வழியை. ஊரின் வழியை அல்ல.

போன் அடித்தது. அம்மா.

வீடு கிடைத்துவிட்டது என்றாள் மகள். தம்பி கேட்கப் போயிருக்கிறான் என்றாள்.



"அவனைத் திரும்பக் கூப்பிடும்மா. அங்க யாருக்கும் உங்கப்பாவைத் தெரியாது," என்றாள் அம்மா. "அவர் வளர்ந்த அனாதை விடுதியில, சாப்பாட்டுக் கூடத்துல மாட்டியிருந்த படம் அது. பிள்ளைங்க எல்லாம் அதுல ஆளுக்கொரு வீட்டை இது என் வீடுன்னு பிடிச்சுக்கிட்டாங்களாம். பெரிய பசங்ககிட்ட அடி வாங்கித்தான் உங்கப்பா அந்த வீட்டை விடாம வச்சிருந்தாராம்."

தெருவில் கதவு திறந்துவிட்டது. தம்பி திரும்பிப் பார்த்து, வா என்று கையசைத்தான்.

அவள் அவனைக் கூப்பிடவில்லை.

அப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.