ஆறு புள்ளி மூன்று

"ஆறு புள்ளி மூணு," என்று மனைவி போனைப் பார்த்து வாசித்ததும், எடைமேடைக்காரர் வாய்க்குக் கொண்டுபோன காலை இட்லியைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியாம் அது. இரண்டு நாள் வாயைக் கட்டி ஏமாற்ற முடியாத கணக்கு. கொழுப்பு, அது, இது என்று இன்னும் நாலைந்து எண்களையும் சேர்த்துப் பார்த்து, ஆய்வகத்துக்காரர்கள் அடியில் ஒரு வரி எழுதியிருந்தார்கள்: பத்து ஆண்டுகளுக்குள் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம்.

அதாவது, நோய் இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் கிளம்பிவிட்டது.

"டீக்கு நாலு கரண்டி போடும்போதே சொன்னேன், கேட்டீங்களா? உங்கப்பாவுக்கு இருந்துச்சு, பெரியப்பாவுக்கு இருந்துச்சு. உங்க வம்சத்துக்கே ரத்தத்துல சர்க்கரைதான் ஓடுது. எங்க வீட்டுல ஒருத்தருக்காவது உண்டா?"

மற்ற நாளாக இருந்தால் அவர் பதிலுக்கு ஏதாவது சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். இன்று இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார். திட்டு விழுந்தது அவருக்கு. ரத்தம் அவருடையதில்லை.

நாற்பது தாண்டிய எல்லாரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று கம்பெனி போன வாரம் ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்திருந்தது. முடிவு வீட்டு நம்பருக்கும் வருமாம். வீட்டு நம்பர் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தது மனைவியின் நம்பர். அன்று மத்தியானம் அவளுக்குத் தெரியாமல் தின்ற இரண்டு கிரீம் பன்னும் அவர் கண்முன் வந்து நின்றன.

நாள் முழுவதும் லாரிகளை எடை போட்டுச் சீட்டுக் கிழிக்கிறவர் அவர். இருபது வருடத்தில் எந்த டிரைவரின் முகத்தையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. சீட்டும் வண்டியும் இருந்தால் போதும், காரியம் முடிந்தது. ரத்தம் எடுக்கிற இடத்திலும் அப்படித்தானே இருக்கும்?

சீட்டைத் தம்பியிடம் கொடுத்தார்.

மாடியில் குடியிருக்கும் தம்பி, விடிவதற்குள் ஐந்து மைல் ஓடிவிட்டு வருகிறவன். கேக்கைக் கண்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறவன். அவன் ரத்தம் சும்மா கண்ணாடி மாதிரி இருக்கும் என்பது அண்ணனின் கணக்கு.

அந்தத் தம்பி இப்போது எதிரே உட்கார்ந்து தலையை நிமிர்த்தாமல் ஆப்பிள் தோலைச் சீவிக்கொண்டிருந்தான்.

இவனுக்கா? தனக்கு எட்டு வயதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த பிள்ளைக்கா? வாயை மூடிக்கொண்டு இருந்தால் மானம் தப்பும். தம்பியோ எதுவும் தெரியாமல் ஓடிக்கொண்டே இருப்பான். பத்து வருடம் கழித்து டாக்டர் சொல்லும்போதுதான் அவனுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் மனைவியிடம் ஆயுசுக்கும் தலைநிமிர முடியாது.

ஒரு கணம்தான் தயங்கினார்.

"அது என் ரத்தம் இல்ல," என்றார். பிறகு மடை திறந்த மாதிரி எல்லாவற்றையும் கொட்டினார். கிரீம் பன்னைக்கூட விடவில்லை. முடித்துவிட்டுத் தம்பியின் பக்கம் திரும்பினார். "டேய், ஓடுறதை மட்டும் நம்பி இருந்துடாதடா. இப்பவே பார்த்தா தடுத்துடலாமாம். நாளைக்கே டாக்டர்கிட்ட போவோம், நானும் வரேன்."

மனைவி போனைக் கீழே வைத்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவளுக்கே தெரியவில்லை. திட்டுவதற்கு இவ்வளவு விஷயம் ஒரே நேரத்தில் அவள் கைக்குக் கிடைத்ததில்லை. ஆனால் அந்த மனுஷனின் கண் கலங்கியிருந்தது.

தம்பி கத்தியை ஓரமாக வைத்தான். பயந்த முகமாக இல்லை, கையும் களவுமாகப் பிடிபட்டவன் முகமாக இருந்தது.

ஆய்வக வாசல்வரைக்கும் போனானாம். உள்ளே ஒருவருக்கு ஊசி இறங்குவது கதவிடுக்கில் தெரிந்ததாம். அதற்குமேல் கால் ஓர் அடிகூட நகரவில்லையாம்.

"அண்ணி," என்றான் மெதுவாக. "அன்னைக்கு உங்க தம்பியோட வண்டியிலதான் போனேன். ‘ஒரு ஊசிக்கா இப்படி நடுங்குற, குடு நான் போறேன்’னு அவன்தான் சீட்டைப் புடுங்கிட்டுப் போனான்."

மனைவி கீழே வைத்த போனைத் திரும்பிப் பார்த்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து எடைமேடைக்காரருக்கு இப்படி ஒரு சந்தர்ப்பம் வாய்த்ததே இல்லை. வம்சம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மனைவியின் முகத்தைப் பார்த்தார். பேசாமல் எழுந்துபோய் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அவள் அதைத் தொடவில்லை. போனை எடுத்துத் தன் தம்பியைக் கூப்பிட்டாள்.

அவனிடம் எப்போதும் ‘சாப்பிட்டியா’ என்றுதான் ஆரம்பிப்பாள். அவன் என்ன சொன்னாலும் காதில் வாங்காமல் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவாள்.

"என்னடா சாப்பிட்ட?" என்றாள் இன்று. அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.