படகு வடிவ மகரந்தம்

ஜன்னல் வழியே சாயும் காலை வெயிலில் தேன் புட்டிகள் மினுமினுக்கின்றன; வெளிர் மஞ்சளில் தொடங்கிக் கடுங்காப்பி நிறம்வரை. ஆய்வாளர் நுண்ணோக்கிக்குள் கண்ணைப் புதைத்திருக்கிறாள். தேனில் தங்கிய மகரந்தத்தை வைத்து, தேனீ எந்தப் பூவில் குடித்தது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. கண்ணாடித் தகட்டில் குட்டிக் குட்டி முள்ளுருண்டைகளாகச் சூரியகாந்தி. நடுவே, வலை போர்த்திய படகு போல ஒன்று, மற்றவற்றைவிடப் பெரிதாக, ராஜா மாதிரி மிதக்கிறது. தேன் வந்த மலையில் இப்படியொரு பூவே கிடையாது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. “சார், ஓடி வாங்களேன்! புதுசா ஒண்ணு மாட்டியிருக்கு!”

செருப்பு சரசரக்க ஓடிவருகிறார் ஆய்வக இயக்குநர். நேற்று அவர் பிறந்தநாளுக்கு வந்த லில்லிக் கொத்தை இன்று வந்ததும் ஆசையாய் முகர்ந்து பார்த்து, அவள் மேசையோரம் வைத்து, “ஆச்சாம்மா?” என்று திறந்திருந்த தகட்டின்மேல் குனிந்துவிட்டுப் போனார். இப்போது மறுபடி குனிகிறார். “அடேயப்பா! என்னம்மா இது, இவ்வளவு அழகா? பேர் வெச்சுடலாமா?”

நிமிர்கிறார். அவர் மூக்கு நுனியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டுத் தூள். அவள் பார்வை மூக்கிலிருந்து லில்லிக்குப் போய், தகட்டுக்கு வந்து, மூக்குக்கே திரும்புகிறது. புதுப் பூ என்ற கனவு பொசுக்கென்று இறங்க, அதன் பின்னாலேயே சிரிப்பு பீறிடுகிறது. விழிக்கும் இயக்குநர், முகத்தைத் துடைக்கக் கைக்குட்டையை எடுக்கிறார்.

“ஐயோ, துடைச்சுடாதீங்க சார்!” என்று ஒட்டுநாடாவில் ஒரு துண்டைக் கிழிக்கிறாள். “அப்படியே அசையாம நில்லுங்க. ஒரு சாம்பிள் எடுத்துக்கறேன்.”