முன்னறையில் போட்ட கையெழுத்து

ராசப்பன் சாட்சிக் கூண்டில் ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

கோயில் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. வக்கீல் குமாஸ்தா நரசிம்மலு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோயமுத்தூர் சப் கோர்ட்டில் இருபத்தேழு வருஷமாகச் சாட்சிகளைத் தயார் செய்கிறவர் அவர். எல்லாச் சாட்சிகள் மேலும் இளக்காரம்தான். உயில் சாட்சி என்றால் கொஞ்சம் கூடுதல்.

அதற்குக் காரணம் இருந்தது.

ஓர் உயில், எழுதியவரின் சொந்தக் கையெழுத்தாகவே இருந்தாலும் அது மட்டும் போதாது. இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டதை இவர்கள் பார்த்திருக்க வேண்டும். இவர்கள் போட்டதை அவர் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பேரில் ஒருவராவது கோர்ட்டுக்கு வந்து அதை வாயால் சொல்ல வேண்டும். இதில் ஒன்று விட்டுப்போனாலும் உயில் வெறும் காகிதம்.

ஊரில் நடப்பது வேறு. எழுதியவர் எழுதி மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவார். அப்புறம் ஒருநாள் டீக்கடையில் யாரோ இரண்டு பேர் என்ன ஏதென்று படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள்.

பார்க்காதவனுக்குப் பார்த்ததைக் கற்றுக்கொடுப்பதுதான் நரசிம்மலுவின் தொழில்.

இந்த உயிலை எழுதியவர் மிஷன் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். 1991இல் எழுதினார், அடுத்த வருஷம் இறந்துபோனார். சுங்கம் பகுதியில் இருந்த தன் வீடு மகள் சாராளுக்கு என்று எழுதியிருந்தார். மகன் கிளமென்ட் அதில் பாதி கேட்டு வழக்குப் போட்டிருந்தார். அந்தச் சின்ன வீட்டை விற்றால்தான் பாதியாக்க முடியும். புருஷன் இல்லாமல் இரண்டு பெண்களை வைத்துக்கொண்டிருக்கும் சாராளுக்கு அதை விட்டால் போக்கிடம் இல்லை.

சாட்சிகளில் ஒருவர் செத்துப்போயிருந்தார். மிச்சம் இந்த ராசப்பன். மதுக்கரையில் சிமெண்ட் மூட்டை தூக்குகிறவன்.

டீச்சருக்கும் மூட்டை தூக்குகிறவனுக்கும் என்ன பழக்கம் என்று நரசிம்மலு கேட்கவே இல்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது? அழைத்த இடத்துக்கு வந்து போட்டுவிட்டுப் போயிருப்பான்.

சாராளையும் வாய் திறக்க விடவில்லை. உயிலால் பலன் அடைகிறவளுக்கு அது எழுதப்பட்ட கதை ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் கேஸுக்கு நல்லது என்று சொல்லிவிட்டார்.

நேற்றுச் சாயங்காலம் கோர்ட்டுக்கு எதிர்க் கடையில் ராசப்பனுக்குப் பாடம் நடந்தது. இடம், டீச்சர் வீட்டு முன்னறை. நேரம், காலை பத்து மணி. டீச்சர் உட்கார்ந்தது பிரம்பு நாற்காலி. முதலில் டீச்சர் போட்டார், அப்புறம் இவன், அப்புறம் செத்துப்போனவர்.

ராசப்பன் இரண்டு தடவை "ஏனுங்க" என்று இழுத்தான். நரசிம்மலு கையைக் காட்டி அமர்த்தினார். இவனுக்குச் சந்தேகம் வேறு.

இன்று கூண்டில் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தான். சாராளுக்காக வாதாடிய நரசிம்மலுவின் வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார்.

கிளமென்டின் வக்கீல் எழுந்தார். தேதியையும் முன்னறையையும் இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு கேஸ் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி ஜட்ஜிடம் நீட்டினார்.

ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு. உயிலில் இருந்த தேதிக்கு முதல் நாள் டீச்சர் வயிற்று ஆபரேஷனுக்குச் சேர்ந்திருந்தார். ஒரு வாரம் கழித்துத்தான் வீடு திரும்பியிருந்தார். சேர்த்ததும் கூட்டிவந்ததும் கிளமென்ட்தான். அப்போது உடுமலைப்பேட்டையில் வேலையில் இருந்த சாராளுக்குக் கடிதம் போனதே பிறகுதான்.

"அன்னிக்கு ஊடு ஆஸ்பத்திரிக்குப் போச்சுங்களா, இல்லை ஆஸ்பத்திரி ஊட்டுக்கு வந்துச்சுங்களா?" என்று கேட்டார் வக்கீல்.

கோர்ட்டே சிரித்தது. ராசப்பன் திரும்பி நரசிம்மலுவின் முகத்தைப் பார்த்தான். ஒரு சாட்சி செய்யக்கூடிய காரியங்களில் அதைவிடக் கேவலமானது கிடையாது. ஜட்ஜும் அதைப் பார்த்தார். பதில் இல்லை என்று டைப்பிஸ்டிடம் சொன்னார்.

வராண்டாவுக்கு வந்ததும் நரசிம்மலு அடிக்குரலில் பிடித்துக்கொண்டார். மூட்டைக்கும் மூளைக்கும் சம்பந்தமில்லை என்றார். முழிக்கிற முழியைப் பார்த்தால் கட்டெறும்புகூடக் கண்டுபிடித்துவிடும் என்றார்.

"பார்க்காததைப் பார்த்த மாதிரிச் சொல்ல வக்கில்லைன்னா எதுக்குய்யா கூண்டு ஏறினே?"

ராசப்பனுக்குக் கோபம் வரவில்லை.

"பார்த்தேனுங்களே. ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல எம்பட சம்சாரம் படுத்திருந்தாளுங்க. நான் போடறதைப் பாரு கண்ணு, அப்புறம் நீ போடுன்னு டீச்சரம்மாதான் கூப்புட்டாங்க. நீங்க ஊட்லன்னு சொல்லவும், கோர்ட்டுக்கு அப்படித்தான் வேணுமாட்ட இருக்குதுன்னு சொல்லிப்போட்டேனுங்க."

நரசிம்மலு பக்கத்தில் இருந்த பெஞ்சைக் கையால் தடவி உட்கார்ந்தார்.

மறுபடி கூண்டில் ஏற்றி இதைச் சொல்ல வைக்கலாம். ஆனால் மாட்டிக்கொண்டவன் அப்புறம் மாற்றிச் சொல்வதை எந்த ஜட்ஜும் நம்ப மாட்டார். அதையும் அவர் இருபத்தேழு வருஷமாகப் பார்த்திருக்கிறார்.

சாராள் பத்தடி தள்ளி நின்று, என்ன ஆயிற்று என்று கேட்கத் தைரியமில்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளிருந்து டவாலிச் சேவகர் ராசப்பனைக் கூப்பிட்டார். சொன்னது அத்தனையும் டைப் ஆகிவிட்டது. ஒவ்வொரு பக்கத்திலும் அவன் கையெழுத்துப் போட வேண்டும்.

ராசப்பன் விரல்களைத் துண்டில் துடைத்துக்கொண்டு நரசிம்மலுவிடம் பணிவாகக் குனிந்தான்.

"போட்டுர்றதுங்களா?"