தூங்கினாலும் பின்னும் ஊசி

“நீ தூங்கினாலும் உன் கை பின்னிக்கிட்டே இருக்கும். அப்படி ஒரு ஊசி வாங்கிட்டு வரேன், பாரு.”

சொல்லிவிட்டு மஃப்ளரைச் சுற்றிக்கொண்டார்.

மனைவி கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தாள். அவர் குன்னூர் மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒருமுறை காட்டெருமைக்கு வழிவிட்டதற்கு அது தலையாட்டி நன்றி சொன்னதென்று இன்றைக்கும் சாதிக்கிறவர்.

“ஆமா. காட்டெருமை வணக்கம் சொன்ன மாதிரிதானே?”

அவள் மடியில் பாதி பின்னிய நீலச் சால்வை. மழைக்காலத்துக்கு முன்பே நின்றுபோனது. விரல் கணுக்களில் வீக்கம். மெல்லிய ஸ்டீல் ஊசியைக் கிள்ளிப் பிடித்தால், நாலு கண்ணி போடுவதற்குள் வலி முழங்கைக்கு ஏறிவிடும்.

நூலையெல்லாம் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நேற்று சாதாரணமாகச் சொன்னாள்.

அந்தச் சாதாரணம்தான் அவருக்குத் தாங்கவில்லை.

நூல் கடையில் ஊர் ஊசியெல்லாம் மேஜைக்கு இறங்கியது. ஊர் என்ன ஊர், நீலகிரி மொத்தமும்.

ஸ்வெட்டர் ஊசிகள் ஜோடி ஜோடியாக. இரண்டு கையையும் வேலை வாங்கும். முதலிலேயே ஒதுக்கினார்.

நுனியில் கொக்கி வைத்த குரோஷா ஊசிக்கு ஒரு கை போதும். இன்னொரு கை நூலைப் பிடித்தால் சரி.

அவளுடைய பழைய ஊசியை அவளுக்குத் தெரியாமல் எடுத்து வந்திருந்தார், நுனி அளவு பார்க்க. அதை மேஜையில் வைத்தார். சட்டைப்பையிலிருந்து ரப்பர் பேண்டுகளை எடுத்து வலது கை விரல்களில் கணுவுக்குக் கணு இறுக்கிச் சுற்றினார். விரல் பாதிதான் மடங்கியது.

கடைக்கார எஸ்தர் பதறிவிட்டாள். “ஐயோ, கைக்கு என்னாச்சு சார்?”

“இது என் கையில்லம்மா. வீட்டுக்காரம்மா கை.”

எஸ்தர் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

“தொட்டுப் பாத்தா தெரியாது சார். ஒரு வரிசை போட்டுப் பாத்தாதான் தெரியும்.”

அவருக்குப் போடத் தெரியாது. சுத்து, இழு. சுத்து, இழு. எஸ்தர் சொல்லச் சொல்ல, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு போட்டார்.

அலுமினியம் சில்லிட்டது. மூங்கில் ஊசியோ நூலை விட மாட்டேன் என்றது. ஒவ்வொரு கண்ணிக்கும் மல்லுக்கட்டு.

கடைசியாக ஒன்று. நுனி பழைய ஊசியின் அளவேதான். பிடி மட்டும் தடித்த ரப்பர். கிள்ள வேண்டாம். கியர் கம்பி மாதிரி உள்ளங்கையில் வைத்து லேசாக அணைத்தால் போதும்.

அவர் போட்ட வரிசை மலைப்பாதை மாதிரியே வளைந்து வளைந்து போனது.

கை வலிக்கவில்லை.

மத்தியானம் அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்னங்க இது, பல்லு தேய்க்கவா?”

ஒரு கண்ணி போட்டாள். நாலாவதில் வழக்கம்போல முகத்தைச் சுளிக்கத் தயாரானாள்.

ஐந்தாவது வந்தது.

ஆறும் ஏழும் வலிக்காமல் வந்தன.

ஒரு வரிசை முடிந்தது. இன்னொன்று. வெயில் சன்னல் வழியே மடிக்கு வந்தது. கண் செருகியது. தலை சாய்ந்தது.

ஊசி மட்டும் கையைவிட்டு நழுவவில்லை.

அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு, வலிக்காமல், அவள் விரல்களிலிருந்து ஊசியை உருவினார்.

அவள் விழித்தபோது ஊசி அவள் கையிலேயே இருந்தது.

சால்வையில் ஒரு வரிசை கூடியிருந்தது. மலையேறி இறங்கி, வழியில் இரண்டு இடத்தில் பள்ளத்திலும் விழுந்த வரிசை.

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்து விசிலடித்துக்கொண்டிருந்தார். மீசையில் ஒரு நீல இழை.

ஒரு கண்ணி பிசகினாலும் பொறுக்க மாட்டாள். அடுத்த வீட்டுக்காரி பின்னியதையே வாங்கிப் பிரித்துப் போட்டவள்.

நூல் நுனியை விரலில் சுற்றினாள். ஒரே இழுப்பு போதும், வரிசை முழுக்கப் பிரிந்துவிடும்.

விசில் நின்றது.

அவள் இழுக்கவில்லை. அந்தக் கோணல் வரிசையின் தலையிலேயே ஊசியை நுழைத்து, அடுத்த கண்ணியைப் போட்டாள்.

“நிஜந்தாங்க,” என்றாள். “தூங்கிட்டேதான் போட்டிருக்கேன்.”